ஓம் என்று சொல்லாதவள்

“நாளைக்கு வகுப்புக்கு வருவீரோ?” என்று கேட்டால் அவள் ஓம் என்று சொல்லமாட்டாள். “வர யோசிச்சிருக்கிறன்” என்பாள். மறுநாள் போனால் எல்லோருக்கும் முதல் வந்து வாங்குப் பலகையில் குந்தியிருப்பாள். “மழை வரும்போலை கிடக்கு” என்றால் அண்ணாந்து பார்த்து, “முகில் கிடக்கு” என்பாள். அதற்கு மேலே ஒரு சொல் வாங்க முடியாது.

ஒருமுறை யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் மீன்காரர் ஒருவர், “உது நேற்றையான் மீன் இல்லைத் தங்கச்சி” என்று செவுளைத் தூக்கிக் காட்டினார்.

“அப்ப முந்தநாளையானோ?” என்றாள்.

குருநகர்ப் பக்கத்து மீன்பிடிக் குடும்பம் அவளுடையது. கரையில் செல்குண்டு விழத் தொடங்கியதும் திருநெல்வேலிக்கு வந்து வாடகை வீட்டில் இருந்தார்கள். மீன்காரர் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அடியில் வைத்திருந்த வேறு மீனை எடுத்துப் போட்டார்.

பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் எந்த நாட்டில் இருந்தாலும் தேடிப்பிடித்து, “ஐசே, உதுக்கு என்ன ஆதாரம்?” என்று கேட்பாள். என்னிடம் ஆதாரம் கிடையாது. ஞாபகம்தான் இருக்கிறது, அதுவும் என்னுடைய ஞாபகம்.

தொண்ணூறுகளின் தொடக்கம். மின்சாரம் போய்க் கனகாலம். பகல் வெளிச்சத்தில் படித்தால்தான் உண்டு. திருநெல்வேலியில் ஒரு ரியூசன் கொட்டில் காலையில் சும்மா கிடக்கும். அங்கே நாங்கள் சிலர், கொழும்பில் சட்டம் படிப்பதற்கான நுழைவுப் பரீட்சைக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்தோம். பொது அறிவும் மொழியும் பிரச்சினையில்லை. எங்களை மடக்கியது தர்க்கக் கேள்விகள். நாலைந்து வசனம் தருவார்கள். ‘மேற்கூறியவற்றிலிருந்து கட்டாயமாகப் பெறப்படும் முடிவு யாது?’ என்று கேட்பார்கள். கீழே ஐந்து விடைகள், ஐந்தும் நல்ல பிள்ளைகள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நிற்கும். அதைச் சொல்லித்தர எங்களுக்கு ஆள் அகப்படவில்லை. யாரோ கொழும்பிலிருந்து கொண்டுவந்த பழைய வினாத்தாளைக் கையால் பிரதி பண்ணி, அதையே திரும்பத் திரும்ப உழுதோம். நாள் போகப் போக ஒவ்வொருவராகக் கழன்றார்கள். கடைசியில் மிஞ்சியது அவளும் நானும்.

அவளுக்குப் பல்கலைக்கழகம் கொஞ்சப் புள்ளியில் தவறிப்போனது. திறந்திருந்த ஒரே கதவு இதுதான். அடுத்த வருடம் பரீட்சை நடக்கும்போது பாதை இருக்குமோ, நாங்கள் இருப்போமோ தெரியாத காலம்.

நான் படித்ததற்குத்தான் காரணம் சொல்ல முடியாது. அந்த வயது ஆண்பிள்ளைகளை அப்போது குடாநாட்டைக் கையில் வைத்திருந்த இயக்கம் வெளியே விடுவதில்லை. எழுத முடியாத பரீட்சைக்கு ஏனடா படிக்கிறாய் என்று அம்மா கேட்டதற்கு, “அறிவுக்கு” என்றேன். அறிவு இரட்டைப் பின்னலோடு எனக்கு எதிர் வாங்கில் இருந்தது.

“எல்லா மீனவர்களும் நீந்தத் தெரிந்தவர்கள். கந்தையா நீந்தத் தெரிந்தவர். ஆகவே?” என்று வாசித்தாள்.

“கந்தையா மீனவர்” என்றேன் ஒரே மூச்சில்.

“கந்தையா கேணியிலை நீந்தப் பழகின வாத்தியாரா இருக்கலாம்.”

எனக்கு ரோசம் வந்தது. “உம்மடை அப்பாவுக்கு நீந்தத் தெரியுமோ?”

“தெரியாது. கடலுக்குப் போற கனபேருக்குத் தெரியாது.”

“அப்ப முதல் வசனமே பிழை!”

“கேள்வி எழுதினவர் எல்லா மீனவரும் நீந்துவினம் எண்டால், இந்தப் பக்கம் முடியுமட்டும் எங்கடை அப்பாவும் நீந்துவார். பக்கத்தைத் திருப்பினாப் பிறகு தாழட்டும்.”

அவளுடைய முறைகள் எல்லாம் இப்படித்தான் இருந்தன. வசனங்களை வாசிக்க முதல் கடைசியில் உள்ள கேள்வியை வாசிக்க வேண்டும். “என்ன கேக்கினம் எண்டு தெரியாமல் கதை கேக்கிறது உம்மடை பழக்கம்” என்பாள். ‘எல்லாம்’, ‘மட்டும்’, ‘ஒருபோதும்’ போன்ற சொற்களைக் கண்டால் பிறேக் பிடிக்க வேண்டும். சரியான விடையைத் தேடக்கூடாது. “பிழையானதை வெட்டும் ஐசே. சரி ஓடிப்போகாது, அங்கேயே இருக்கும்.” வெட்டி வெட்டி இரண்டு மிஞ்சினால், மனதுக்குப் பிடித்த விடையைத்தான் கூடச் சந்தேகப்பட வேண்டும்.

வட்டமேசையைச் சுற்றி இன்னாருக்குப் பக்கத்தில் இன்னார் என்று வரும் கேள்விகளுக்குப் புளியங்கொட்டைகள் வைத்திருந்தாள். முதலில் அசைக்க முடியாத ஆளை இருத்திவிட்டு மற்றவர்களை அவரைச் சுற்றி இருத்த வேண்டும் என்பாள். நான் முதலில் எனக்கு ஓர் இடம் பிடித்து, பக்கத்துக் கதிரையில் ஒரு பெண்பிள்ளையை இருத்திவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவேன். முடிவில் எப்போதும் ஒருவர் மேசைக்குக் கீழே இருப்பார்.

சில கேள்விகளுக்கு ஐந்தாவது விடையாக ‘தரப்பட்ட தகவல்கள் போதாது’ என்று இருக்கும். நான் சந்தேகம் வந்த இடமெல்லாம் அதைத்தான் போடுவேன்.

“உதைப் போடுறதுக்கும் படிக்க வேணும்” என்பாள். “தகவல் போதாது எண்டதும் ஒரு விடை. நீர் போடுறது அந்த விடையில்லை. உமக்கு யோசிக்கப் பஞ்சி.”

கொட்டிலுக்குப் பக்கத்து வளவு நாய், குண்டு போடுகிற பொம்மர் வருவதற்கு முன்னமே ஊளையிடும் என்று அந்த ஒழுங்கை வீடுகள் முழுவதும் நம்பின. ஒருநாள் அது ஊளையிட்டது. நான் கொப்பியைப் போட்டுவிட்டுப் பங்கர் குழிக்குள் பாய்ந்தேன். உள்ளே எறும்பு. மேலே அவள் நிற்கிறாள்.

“இறங்கும் ஐசே! நாய் ஊளையிடுது!”

“பொம்மர் வந்தால் நாய் ஊளையிடும். சரி. நாய் ஊளையிட்டால் பொம்மர் வரும் எண்டு ஆர் சொன்னது? பசியிலையும் ஊளையிடும்.”

“விசர்க்கதை கதைக்காமல் இறங்கும்!”

கொஞ்சநேரம் யோசித்தாள். “வராது எண்டும் சொல்லேலாதுதான்” என்று புளியங்கொட்டைகளைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு, ஆற அமர, சட்டை மண்படாமல் இறங்கினாள். அன்றைக்குப் பொம்மர் வரவில்லை. என்னை எறும்பு கடித்ததுதான் கண்ட பலன்.

இப்படி ஒருத்தி பாஸ் எடுக்கப் போனால் என்ன நடக்கும்?

அப்போது குடாநாட்டை விட்டு வெளியே போவதென்றால் இயக்கத்திடம் பாஸ் எடுக்க வேண்டும். போகிறவர் திரும்பி வருவதற்கு இன்னொருவர் பிணை நிற்க வேண்டும். குறித்த நாளுக்குள் அவர் வராவிட்டால் பிணை நின்றவர் பதில் சொல்ல வேண்டும். என்னவிதமாகப் பதில் சொல்ல வேண்டும் என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. ஆகவே அதை அவரவர் துணிவுக்கு ஏற்றபடி கற்பனை செய்துகொண்டோம்.

பாஸ் கொடுக்கிற இடத்துக்கு நான் துணைக்குப் போய்ப் பின் வாங்கில் இருந்தேன். மேசைக்குப் பின்னால் இருந்தவருக்கு எங்களை விட வயது குறைவு. வலு மரியாதையாகக் கதைத்தார். அந்த மரியாதைதான் எனக்குப் பயமாக இருந்தது.

“பரீட்சை முடிஞ்ச உடனை திரும்பி வருவீங்களோ அக்கா?”

“படகு ஓடினால், வழியிலை ஆரும் மறிச்சு வைக்காட்டில், உயிரோடை இருந்தால், வருவன்.”

“நான் கேட்டது ஓமோ, இல்லையோ?”

“அது எனக்கு இப்ப தெரியாதே.”

அவர் பேனையைக் கீழே வைத்தார். “உங்கடை அண்ணனும் பாஸ் எடுத்துத்தான் போனவர். இன்னும் வரேல்லை. அப்பாதான் பிணை நிண்டவர், என்ன?”

“ஓம்” என்றாள். தெரிந்த விஷயத்துக்கு அவள் ஓம் சொல்லுவாள்.

“அண்ணன் வராத வீட்டிலை தங்கச்சி வருவா எண்டு நாங்கள் எப்பிடி நம்புறது?”

“அண்ணன் வரேல்லை எண்டதிலையிருந்து நான் வரமாட்டன் எண்டு வராது” என்றாள். நியாயமாக அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. “வருவன் எண்டும் வராது.”

“அப்ப பாஸும் வராது” என்றார் அவர்.

சைக்கிளை உருட்டிக்கொண்டு பலாலி வீதியால் வந்தோம். பரீட்சை கிட்ட வந்துகொண்டிருந்தது. நான் கத்தினேன். “ஒரு ஓம் ஐசே! ஒண்டரை எழுத்து! சொல்லிப்போட்டுப் போறதுக்கு என்ன?”

“சொல்லிப்போட்டு வராட்டில்?”

“வர நினைச்சுத்தானே சொல்லுறீர்.”

“அண்ணனும் நினைச்சுத்தான் சொன்னவன்.”

அண்ணன் வராததால் அவளுடைய அப்பாவைக் கூட்டிக்கொண்டுபோய்க் கொஞ்சநாள் வைத்திருந்தார்கள். திரும்பி வந்த மனுசன் அதைப்பற்றி யாரோடும் கதைக்கவில்லை. கடலுக்குப் போவதைப் பற்றியும் கதைக்கவில்லை.

சந்தி வந்ததும் அவளே நின்றாள். “நான்தான் பிழை விட்டிட்டன். கேள்வியை வடிவா வாசிக்கேல்லை. நான் வருவனோ எண்டு அவர் கேக்கேல்லை. அது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நான் வராட்டில் ஆர் இஞ்சை இருப்பினம் எண்டுதான் கேட்டவர். அப்பாவின்ரை கையெழுத்து இனிச் செல்லாது.”

“நான் இருப்பன்” என்று ஒரு குரல் கேட்டது. யார் சொன்னது என்று திரும்பிப் பார்த்தேன். பின்னால் ஒருவரும் இல்லை.

அவள் என்னைக் கனநேரம் பார்த்தாள். “சைக்கிளைப் பிடிச்சுக்கொண்டு நிண்டு சொல்லாதையும். வீட்டை போய், கதிரையிலை இருந்து யோசிச்சுப்போட்டுச் சொல்லும். நான் வராமல் விடலாம் ஐசே. அதையும் சேர்த்து யோசியும்.”

வீட்டில் கதிரையில் இருந்தேன். யோசனை வரவில்லை, நித்திரைதான் வந்தது. விடிந்ததும் போய்க் கையெழுத்து வைத்தேன்.

மேசைக்காரர் என்னைப் பார்த்தார். “அண்ணை, இவ வருவாவோ?”

“ஓம்! கட்டாயம் வருவா! நான் சத்தியம் பண்ணுறன்!”

பக்கத்தில் நின்றவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். வினாத்தாளில் முதல் பார்வையிலேயே வெட்டிவிடக்கூடிய விடை ஒன்று இருக்குமல்லவா, அதைப் பார்க்கிற மாதிரி.

கிளாலிக் கடலைப் படகில் தாண்டி, அந்தக் கரையிலிருந்து வவுனியாவுக்குப் போய், அங்கிருந்து ரயில் ஏறினால் கொழும்பு. அவள் போனாள். நான் இருந்தேன். இருப்பது இவ்வளவு கடினமான வேலை என்று எனக்கு அதுவரை தெரியாது.

பரீட்சை நாள் போனது. அவள் வரவேண்டிய நாட்கள் தொடங்கின. ஒருநாள் காலையில் கிளாலியில் நேவி படகுகளுக்கு அடித்ததாம் என்று கதை வந்தது. ஆள் சேதமாம் என்றார்கள். இல்லை, ஒருவருக்கும் ஒன்றும் இல்லையாம் என்றார்கள். படகு ஓட்டம் நிற்பாட்டியாயிற்று என்பதை மட்டும் எல்லோரும் ஒரேமாதிரிச் சொன்னார்கள். அவளுக்கு ஒன்றும் நடந்திருக்கக்கூடாது என்று நல்லூர்ப் பக்கம் திரும்பிக் கும்பிட்டேன். அவள் வேதக்காரப் பிள்ளை என்று ஞாபகம் வந்ததும் பெரிய கோவில் மாதா இருந்த பக்கமும் திரும்பிக் கும்பிட்டேன். கும்பிட்டு முடிய அடுத்த பயம் வந்தது. ஒன்றும் நடக்காவிட்டால், ஏன் இன்னும் வரவில்லை? இரண்டு பயமும் ஒன்றையொன்று தின்று முடிக்கும் என்று பார்த்தேன். இரண்டும் ஒற்றுமையாக இருந்து என்னைத் தின்றன.

பாஸ் முடிகிற நாளும் வந்து போனது. அடுத்தநாள் காலை ஒருவர் சைக்கிளில் வந்து, “அண்ணையை ஒருக்கா வந்திட்டுப் போகட்டாம்” என்றார்.

அம்மா குசினியிலிருந்து வந்தா. “ஆருக்கடா கையெழுத்து வைச்சனீ?”

“வகுப்பிலை படிக்கிற பிள்ளைக்கு அம்மா.”

“பிள்ளையெண்டால்? பொம்பிளைப் பிள்ளையோ?”

“தகவல் போதாது” என்றேன். அம்மா அகப்பையை ஓங்கினா. பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு, மாற்றி உடுக்க ஒரு சாரத்தையும் துவாயையும் பையில் வைத்துத் தந்தா. அந்தப் பையைப் பார்த்தபிறகுதான் நான் எங்கே போகிறேன் என்று எனக்கு விளங்கியது.

“இருங்கோ அண்ணை” என்றார் மேசைக்காரர். பிளேன்ரீயும் பனங்கட்டித் துண்டும் வந்தன. பிளேன்ரீயை மட்டும் குடித்தேன்.

“அவ வரேல்லை.”

“படகு ஓடேல்லைத் தம்பி. அதுதான்.”

“படகு ஓடாட்டில் வரேலாது. அது சரி. ஆனால் வராததுக்கு அதுதான் காரணம் எண்டு எப்பிடிச் சொல்லுறது? படகு ஓடியிருந்தாலும் வராமல் விட்டிருக்கலாம்தானே?”

இவரும் எங்கள் வினாத்தாளைப் படித்தவரோ என்று எனக்கு வேர்த்தது. வேறு வழியால் போனேன். “அவ பொய் சொல்லுற ஆள் இல்லை.”

“ஓம், எனக்கும் அப்பிடித்தான் தெரியுது” என்றார். “ஆனால் அவ வருவன் எண்டு சொல்லவே இல்லையே அண்ணை. வரலாம், வராமலும் விடலாம் எண்டுதானே சொன்னவ. அவ வராமல் விட்டால் அவ சொன்னது பொய்யாகாது. வருவா எண்டு சத்தியம் பண்ணினது நீங்கள்.”

என்னுடைய வாழ்க்கையில் யாராவது என்னை முழுதாக மடக்கியது அன்றைக்குத்தான். பின்னேரமானதும் ஒருவர் வந்து என் பையை வாங்கி உள்ளே கொண்டுபோய் வைத்தார். பேச்சுவாக்கில், தோளில் தட்டாமல், மரியாதையாக. என் சாரம் எனக்கு முதல் உள்ளே போய்விட்டது.

வெயில் சாய்கிற நேரம் வாசலில் ஆள் நிழல் விழுந்தது. அவள்தான். உப்புத்தண்ணீர் காய்ந்து சட்டை வெள்ளையாகிக் கிடந்தது. ஒரு காலில் செருப்பு இல்லை. என்னை ஒருதரம் பார்த்துவிட்டு நேரே மேசைக்குப் போய்ப் பாஸை வைத்தாள்.

“பிந்திப்போச்சு” என்றார் அவர். “ஏன்?”

“படகு விடேல்லை. கரையிலை மறிச்சுப் போட்டாங்கள். இண்டைக்கு விடியத்தான் விட்டது.”

“எங்களுக்கும் தெரியும்.”

“தெரிஞ்சால் ஏன் கேக்கிறியள்?”

உள்ளே போன சாரத்தை நினைத்தேன். அவர் அவளைப் பார்த்தார், பாஸைப் பார்த்தார், வெறுங்காலைப் பார்த்தார். கையெழுத்தைப் போட்டு, “அண்ணையின்ரை பையைக் குடுங்கோ” என்று உள்ளே பார்த்துச் சொன்னார்.

வீதிக்கு வந்து, அந்தக் கட்டிடம் மறையும்வரை சைக்கிளை வேகமாக உருட்டினேன். பிறகு கேட்டேன்.

“பரீட்சை?”

“எழுதினன்.”

“எப்பிடி?”

“இடம் கிடைக்காது. கணக்குப் பாத்திட்டன்.” சந்தையில் விலை சொல்கிற குரலில்தான் சொன்னாள். “கடைசிப் பகுதி தொடேல்லை. எழும்பி வந்திட்டன்.”

“எழும்பி? ஏன்? எந்தப் பகுதி?”

“நாங்கள் படிச்ச பகுதிதான். தர்க்கம். அதை எழுதி முடிச்சால் அண்டைய ரயில் போயிடும். அடுத்த ரயிலிலை வந்தால் பாஸ் முடியிற நாளுக்குள்ளை இஞ்சை வந்து சேரேலாது.”

நான் சைக்கிளை நிறுத்தினேன். “ஐயோ ஐசே! எப்பிடியும் கரையிலை மறிச்சு வைச்சவங்கள்தானே! இருந்து எழுதிப்போட்டு வந்திருந்தாலும் இதே நாள்தானே வந்திருப்பீர்! வீணா எழும்பிப்போட்டீரே!”

“படகு நிக்கும் எண்டு மண்டபத்துக்குள்ளை இருக்கேக்கை எனக்குத் தெரியாது. தெரிஞ்சதை வைச்சுத்தான் எழும்பினனான். எழும்பினது பிழையில்லை.”

அப்போதும் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கை மட்டும் சட்டையில் ஒட்டியிருந்த உப்பைச் சுரண்டிக்கொண்டிருந்தது. எனக்குப் பகிடி ஒன்றும் வாயில் வரவில்லை. வந்தது வேறொன்று. என்னுடைய அறிவு எப்போதும் எனக்குப் பிடித்த விடைக்குத்தான் முதலில் ஓடும்.

“எனக்காகவோ எழும்பினனீர்?”

அவள் நின்றாள். வழக்கம்போல, சொல்வதற்கு முன் ஒவ்வொரு சொல்லாக எடைபோட்டாள்.

“கையெழுத்து வைச்ச ஆள் ஆரெண்டாலும் எழும்பியிருப்பன் ஐசே” என்றாள்.

நான் தலையைக் குனிந்து சைக்கிளை உருட்டினேன். நாலடி போனபிறகு பின்னாலிருந்து கேட்டது.

“நீர் கதிரையிலை இருந்த அண்டிரவு, கையெழுத்து வைக்கச் சொல்லி அப்பா கனபேரிட்டைப் போனவர். வேறை ஒருத்தரும் வரேல்லை.”

திரும்பிப் பார்த்தேன். மற்றச் செருப்பையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு அவள் தன்னுடைய ஒழுங்கையில் இறங்கிப் போய்க்கொண்டிருந்தாள்.